பெங்களூர் டாக்டரைப் பார்க்குமுன்

அம்மிணிக்கு,

நலமாக இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. வருகிற புதன்கிழமை நீ பெங்களூருக்கு ரயில் ஏறுகிறாய். அதற்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும். நாளைக் காலை தபாலாபீஸ் திறந்ததும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வேலை தலைக்கு மேல் இருந்தாலும் தள்ளி வைத்துவிட்டு இதைப் படி. முழுவதும் படிக்க மனம் ஒப்பாவிட்டால் இந்த நாலு வரியை மட்டுமாவது படித்துவிடு. ஏழு வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் உன் தொடைத் தோலை எடுத்துக் கழுத்தில் ஒட்டினார்களே, அது பிடிக்காமல் போகவில்லை. நன்றாகப் பிடித்திருந்தது. உன் தோலில் எந்தக் கோளாறும் கிடையாது. அதைக் கெடுத்தவன் உன்னைப் பெற்ற நான். இது தெரியாமல் நீ எந்த டாக்டர் முன்னாலும் போய் உட்காரக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் உடுமலைப்பேட்டைக்கு வந்தது இதைச் சொல்லத்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிற ஓட்டலில் இருவரும் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டோம். தலையை நிமிர்த்த முடியாததால் நீ உடம்பையே பின்னால் சாய்த்துக் காபி குடித்தாய். "நானும் பெங்களூருக்கு வரட்டுமா கண்ணு?" என்று கேட்டேன். "எதுக்குங்கப்பா உங்களுக்கு அலைச்சல்? கூட வேலை செய்யற டீச்சர் வர்றாங்க. நீங்க மெட்ராசுல எனக்காகப் பட்டது போதுங்க. ஒட்டுன தோலு பிடிக்காதது உங்க குத்தமுங்களா? என்ற தோலோட ராசி அப்படி" என்றாய். இல்லை அம்மிணி என்று சொல்ல வாயெடுத்தேன். வாயிலிருந்து வந்ததோ "ஆமா கண்ணு" என்பதுதான். எழுந்து கை கழுவப் போய்விட்டேன். திரும்பி வருகிற பஸ்ஸில் பல்லடம் வரும்வரை என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். நேருக்கு நேர் சொல்லத் துப்பில்லாமல் இப்போது எழுதுகிறேன். இன்று கம்பெனிக்கு லீவு. வாட்ச்மேனிடம் சாவி வாங்கி வந்து, நான் பனியன் துணி வெட்டுகிற கட்டிங் மேஜையில் காகிதத்தை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் எழுதினால் உங்கம்மா என்னவென்று கேட்பாள். அவளுக்கும் இது தெரியாது.

எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால் அந்த நைலான் தாவணியில் போய் நிற்கிறது. பருத்தி நூலில் பிழைக்கிற குடும்பம் நம்முடையது. எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போது வகுப்பில் எல்லாரும் நைலான் தாவணி கட்டுகிறார்கள் என்று நீ மூக்கால் அழுதாய். "உட்டா பனியன் துணியிலயே தாவணி தெச்சுக் குடுத்துருவீங்க போல இருக்குதுங்கப்பா" என்று கேலி வேறு. எனக்கும் உள்ளூர ஆசைதான். கோயமுத்தூர் போய் ரோஜா நிறத்தில் ஒன்று வாங்கி வந்தேன். பம்ப் ஸ்டவ்வில் பால் காய்ச்சப் போன அன்று அதைத்தான் கட்டியிருந்தாய். பருத்தியாக இருந்திருந்தால் உதறி எறிந்திருக்கலாம். அது உருகி, உன் கழுத்திலும் இடது கன்னத்தின் அடியிலும் ஒட்டிக்கொண்டது. அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். ஒருவர் இட்லி மாவைக் கொட்டினார், இன்னொருவர் பேனா மையை ஊற்றினார். பச்சைத் தண்ணீரை ஊற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் மூன்று மாசம் கிடந்தாய். தலையை நேராக வைத்தால் உயிர் போகிறது என்று கதறினாய். நான் வீட்டிலிருந்து இரண்டு தலையணை கொண்டுவந்து தலைக்கு அடுக்கினேன். தாடை மார்பைத் தொடுகிற மாதிரி குனிந்து கிடந்தால் உனக்கு வலி குறைந்தது. மகள் தூங்குகிறாளே என்று எனக்கும் நிம்மதி. புண் ஆறியது, ஆனால் குனிந்தபடியே ஆறியது. தாடை மார்போடு இழுத்துக்கொண்டது, கீழுதடு மடங்கிப் போயிற்று. பிறகு மெட்ராசுக்குக் கூட்டிப் போனபோது அந்தப் பெரிய டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தலைக்கு உயரமாத் தலகாணி வெச்சது யாரு?" என்பதுதான். நான் சட்டென்று உங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பாவம், தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டாள். பழியை இன்னொருவர் தலையில் இறக்கி வைக்க எனக்கு அன்றைக்கே கை வந்துவிட்டது.

தழும்பு முற்றட்டும் என்று ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்லி, அதன் பிறகே ஆபரேஷன் செய்தார்கள். இழுத்துக்கொண்டிருந்த தழும்பை வெட்டி விடுவித்துவிட்டு, தொடையிலிருந்து மெல்லிசாகத் தோலை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினார்கள். நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை அம்மிணி. எங்கிருந்து தோல் எடுப்பீர்கள், எடுத்த இடம் என்ன ஆகும், இதைத் தவிர வேறு வழி உண்டா, வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்ய வேண்டும், எதையும் கேட்கவில்லை. நூல் கட்டு வந்தால் நாலு தரம் முறுக்கிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகம் சுளிக்கிறவன் நான். பெற்ற மகளின் கழுத்து என்று வந்தபோது "உங்க இஷ்டமுங்க சாமி" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டாக்டரிடம் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொண்டால் சரியாகச் செய்யமாட்டார் என்று ஒரு பயம். கேட்கிறவனைத்தான் நல்ல டாக்டருக்குப் பிடிக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. கட்டைப் பிரித்த அன்று நீ கண்ணாடி கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று மெதுவாகத் தலையைத் தூக்கினாய். "அப்பா, வேப்பமரத்து உச்சீல காக்காக்கூடு இருக்குதுங்க" என்றாய். நான் வராந்தாவுக்கு ஓடிப் போய் அழுதேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீயும் அம்மாவும் வார்டில் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தீர்கள். பதனிட்ட மாட்டுத் தோலும் ஸ்பாஞ்சும் வைத்துத் தைத்த கழுத்துப் பட்டையைக் கையில் கொடுத்து, "ஆறு மாசத்துக்கு ராத்திரி பகல் இது கழுத்துல இருக்கணும். குளிக்க, எண்ணெய் தடவ, அதுக்கு மட்டும் கழட்டலாம். ஒட்டின தோலுக்குச் சுருங்குற குணம் உண்டு. அதைச் சுருங்க விடாம வெச்சிருக்கிறது இந்தப் பட்டைதான். ஆபரேஷன்ல பாதி வேலைதான் நான் செஞ்சது, மீதி உங்களுது" என்றார். இங்கிலீஷில் எழுதிய சீட்டிலும் அதுவே இருந்தது. கம்பெனிக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆக, எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை. பட்டை வியர்வையில் அரிக்கிறது என்று நீ சொன்னதும், மெல்லிய பனியன் துணியில் அதற்கு நாலு உறை வெட்டித் தைத்தேன். உன் கழுத்தளவு பன்னிரண்டரை இஞ்சு. எந்த ஆளையும் ஒரு பார்வை பார்த்து பனியன் அளவு முப்பத்திரண்டா முப்பத்திநாலா என்று சொல்லிவிடுகிற எனக்கு டேப் தேவைப்படவில்லை. பார்த்தே வெட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது.

பட்டை போட்ட பத்தாவது வாரம் மடத்துக்குளத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தென்னந்தோப்பு, ஒரே பையன், படித்தவன். தீக்காயம் பட்ட பெண் என்று தரகர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். "அதெல்லாம் ஆப்பரேசன் பண்ணிச் சரியாப் போச்சுன்னு கேள்விப்பட்டமுங்க. தாலி ஏறப் போற களுத்தாச்சே, எங்க பொம்பளைங்க ஒருக்கா கண்ணாலே பாத்துட்டாப் போதுமுங்க" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா சொல்லி அனுப்பினார். கழுத்தில் பட்டையோடு உன்னை எப்படிக் கொண்டுபோய் உட்கார வைப்பது? நீ கேட்டாய், நன்றாக நினைவிருக்கிறது. "ஏனுங்கப்பா, கழட்டலாமுங்களா? டாக்டர் என்ன சொன்னாருங்க?" நான் உன் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்: "ரெண்டு மாசம் போட்டாப் போதும்னு சொல்லீட்டாரு கண்ணு. கழட்டீர்லாம்." சீட்டு அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

ஒரு மணி நேரம் என்றுதான் நினைத்தேன். வந்த பெண்கள் முகத்தைப் பார்த்தார்கள், கழுத்தைத் தொட்டும் பார்த்தார்கள். ஆடி கழியட்டும், ஆவணியில் முடிவு சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். ஆடியில் கல்யாணப் பேச்சு நிற்குமே தவிர விசாரணை நிற்காது, உனக்குத் தெரியும். யாராவது விலாசம் கேட்கிற சாக்கில் தெருவில் வந்து எட்டிப் பார்ப்பார்கள், தண்ணீர் கேட்கிற சாக்கில் வாசலுக்கு வருவார்கள். பட்டையோடு நீ அவர்கள் கண்ணில் பட்டால் காரியம் கெட்டது என்று ஆடி மாசம் முழுவதும் அதைப் பரண்மேல் போட்டு வைத்தேன். பத்து நாளில் நீ சொன்னாய், "எனக்கென்னமோ உள்ளுக்குள்ள இழுக்கறாப்புல இருக்குதுங்கப்பா." நான், "புதுத் தோலு கண்ணு, ஊறி வருது" என்றேன். எனக்குத் தெரியும், அம்மிணி. உனக்கு எத்தனை தடவை பெருமையடித்திருப்பேன். சலவைப் பட்டறையிலிருந்து இழுத்துச் சுருட்டி வருகிற பனியன் துணியை உடனே வெட்டக் கூடாது, விரித்துப் போட்டு ஒரு நாள் ஆற விட வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவையலிலேயே சுருங்கித் தொப்புளுக்கு மேலே ஏறிவிடும் என்று. கல்கத்தா சரக்குக்கு அவசரப்பட்ட முதலாளியிடம் தரமாட்டேன் என்று கத்திரியை ஒளித்து வைத்தவன் நான். பனியனுக்குக் காத்திருந்தேன், உனக்குக் காத்திருக்கவில்லை. இதைவிடக் கேவலமாக என்னால் என்னைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

ஆவணியில் அவர்கள் ஜாதகம் சரியில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். பக்கத்துத் தோப்பிலேயே பெண் கிடைத்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன். உன் கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. யாருக்காகக் கெடுத்தேனோ அவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. அன்று பரண்மேலிருந்து பட்டையை எடுத்து வந்து போட்டுப் பார்த்தேன். உன் தாடை கீழே இறங்கியிருந்தது, பட்டை உள்ளே நுழையவில்லை. "பிடிக்கலியாட்ட இருக்குதுங்கப்பா" என்று நீதான் முதலில் சொன்னாய். மூழ்குகிறவன் கையில் கட்டை அகப்பட்ட மாதிரி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். கேட்டவர்களிடமெல்லாம், எங்கள் பெண்ணின் தோல் ஒட்டுக்கு ஒத்துக்கொள்ளாத தோல் என்று சொன்னேன். ஏழு வருஷம் சொன்னேன். இன்னும் ஒன்று இருக்கிறது. நீ மெட்ராஸ் டாக்டருக்கு உன் கையால் ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதி, தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாய். நான் போடவில்லை. ஒரு மாசம் தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நின்றாய். பிறகு, "நம்மள மாதிரி ஆயிரம் பேருங்க அவிங்களுக்கு, பதில் போடுவாங்களா" என்று உள்ளே போய்விட்டாய். அந்த டாக்டர் மீது உனக்கு வெறுப்பு வந்தது அன்றுதான். அந்த வெறுப்பினால்தான் இப்போது வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்க விளம்பரத்தை நம்பிப் பெங்களூருக்குக் கிளம்பியிருக்கிறாய்.

அந்தப் பெங்களூர் நர்சிங் ஹோம் உனக்குப் போட்ட பதிலைப் பங்குனியில் வந்தபோது காட்டினாயே, அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. "என் தோலில் ஒட்டு பிடிக்காது" என்று நீ அவர்களுக்கு எழுதியிருக்கிறாய். அப்படியானால் வயிற்றுத் தோலைச் சுருட்டிக் குழாய் மாதிரி செய்து கழுத்துக்குக் கொண்டுவருவதுதான் வழி, முகமும் கழுத்தும் பழையபடி ஆகிவிடும் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் சொன்ன பொய்யை நம்பி உன் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள் என்று புரிந்தது. போன ஞாயிறு உன்னிடம் சொல்லத் தைரியமில்லாமல் திரும்பி வந்ததும், திங்கட்கிழமையே மெட்ராசுக்கு வண்டி ஏறினேன். அந்த டாக்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், தலை பூராவும் நரைத்துவிட்டது. வெளிநோயாளிகள் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் சீட்டையும் நீ எழுதிய லெட்டரையும் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சீட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஒட்டு முழுசாப் பிடிச்சிருந்ததுன்னு என் கையெழுத்துலயே இருக்கே. உங்க பொண்ணு தோல்ல ஒரு குறையும் இல்லை. இதை அவகிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லீங்க என்றேன். "முதல்ல அதைச் சொல்லுங்க. ஆபரேஷனைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். நான் போகாமல் அங்கேயே நின்றேன். இரக்கப்பட்டாரோ என்னவோ, உட்காரச் சொன்னார்.

அன்று கேட்காத கேள்விகளையெல்லாம் இந்த முறை கேட்டேன், அம்மிணி. அவர் சொன்னதை ஒரு பனியன் பெட்டி அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். முதலாவது, தழும்பை யாராலும் துடைத்து எடுக்க முடியாது. கத்தி பட்ட இடத்தில் தழும்பு வரத்தான் செய்யும். இழுக்கிற தழும்பை எடுத்துவிட்டு இழுக்காத தழும்பை வைக்கலாம், தெரிகிற இடத்தில் இருப்பதைச் சற்று மறைவான இடத்துக்குத் தள்ளலாம், அவ்வளவுதான். பழையபடி ஆக்குகிறேன் என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள் என்றார். இரண்டாவது, கழுத்தில் இழுப்பு கயிறு மாதிரி ஒரே வரியாக இருந்தால் புதுத் தோலே தேவைப்படாது. அந்த வரியிலேயே கோணல்மாணலாக வெட்டி, மூலைகளை மாற்றி வைத்துத் தைத்தால் நீளம் கிடைத்துவிடும். பாவாடையில் ஓரம் மாற்றி இறக்கி விடுவது போல என்று நான் புரிந்துகொண்டேன், அவரும் சரி என்றார். இழுப்பு அகலமாக இருந்தால் மறுபடியும் தொடைத் தோல், இந்த முறை சற்றுக் கனமாக எடுப்பார்கள். நிறம் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும். பட்டை ஆறு மாசமோ ஒரு வருஷமோ, கழற்றவே கூடாது. வயிற்றுத் தோலைச் சுருட்டிக் கொண்டுவருவது அதற்கெல்லாம் பிறகுதான். வயிற்றில் ஒரு ஆபரேஷன், பிறகு அந்தத் தோல் குழாயின் ஒரு முனையைக் கையில் தைத்து, கையை வயிற்றோடு சேர்த்து மூன்று வாரம் கட்டி வைப்பார்கள், பிறகு அதே கையைக் கழுத்தோடு சேர்த்து இன்னொரு மூன்று வாரம், இடையில் காத்திருப்பு. ஐந்தாறு மாசம் ஓடிவிடும். சுருங்காது, ஆனால் கழுத்தில் தலையணை வைத்த மாதிரி தடிப்பாக நிற்கும், அதை மெலிய வைக்க மறுபடியும் கத்தி. "வேற வழி இல்லாதவங்களுக்குச் செய்யறது அது. உங்க பொண்ணைப் பார்க்காம அவளுக்கு எதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா பொய்யை வெச்சு எந்த டாக்டரும் சரியா முடிவு செய்ய முடியாது" என்றார்.

உன் கன்னத்தடித் தழும்பைப் பற்றியும் கேட்டேன். அதைத் தேய்த்து மழுப்புகிற முறை ஒன்று இருக்கிறதாம். நம் நிறத்துக்குத் தேய்த்த இடம் வெளுத்தோ கறுத்தோ போகலாம் என்றார். பிறகு அவர் என்னை ஒரு கேள்வி கேட்டார்: "சின்ன வயசுல அம்மை குத்தின தழும்பு கையில இருக்குமே, அது தட்டையா இருக்கா, தடிச்சு வளர்ந்திருக்கா?" தடித்திருந்தால் அந்த உடம்பில் எங்கே வெட்டினாலும் தழும்பு தடிக்குமாம். எனக்குத் தெரியவில்லை. பெற்று வளர்த்த பெண்ணின் கையில் இருப்பது எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம் கேட்டேன், தட்டைதான் என்றாள். நீயும் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீயே காட்டு. இன்னொன்று, இதைச் சொல்லும்போது அவர் குரலை உயர்த்தினார். கழுத்து குனிந்து இறுகியவர்களுக்கு மயக்கம் கொடுப்பது ஆபத்து, மூச்சுக் குழாய் எளிதில் இறங்காது. மயக்க மருந்து கொடுக்கத் தனியாக ஒரு டாக்டர் இருக்கிறாரா, அவர் உன் கழுத்தை முன்கூட்டியே பார்ப்பாரா என்று கேட்கச் சொன்னார். அதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த இடத்தில் படுக்கவே கூடாது. மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் போகட்டும், இந்த ஒன்றை நீ கேட்காமல் இருந்தால் எனக்கு உயிர் இருக்காது.

அந்த விளம்பரத்தில் ஆபரேஷனுக்கு முன்னே பின்னே என்று இரண்டு படம் போட்டிருக்கிறதே, அதைப் பார்த்துத்தானே மயங்கினாய்? நம் கம்பெனிப் பனியன் பெட்டி மேல் மூடியில் தோளும் மார்புமாக ஒரு பயில்வான் சிரிக்கிறானே, அவன் நம் பனியனைப் போட்டதனால் அப்படி ஆனவன் இல்லை என்று உனக்குத் தெரியும். படத்தை வரைந்தவரை எனக்கும் தெரியும், அவருக்கே எலும்பு எண்ணலாம். ஆபரேஷன் முடிந்த வாரத்தில் எடுத்த படம் வேண்டாம், ஒரு வருஷம் கழித்து எடுத்த படம் காட்டுங்கள் என்று கேள். உன்னைப் போல் கழுத்து வெந்த ஒருவரை நேரில் பார்க்க முடியுமா என்று கேள். கத்தி பிடிக்கப் போவது பேசுகிறவரா, அவருக்குக் கீழே இருக்கிற வேறு யாராவதா என்று கேள். சரியாக வராவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நாற்பது பிள்ளைகளைக் கேள்வி கேட்கிற டீச்சர் நீ, என்னைப் போல் கை கட்டி நிற்காதே.

மெட்ராஸ் டாக்டர் கடைசியாகக் கேட்டது உன்னைப் பற்றி. "உங்க பொண்ணுக்கு என்ன வேணும்? பார்வைக்கு நல்லா இருக்கணுமா, கழுத்து அசையணுமா? ரெண்டும் வேணும்னா எது முதல்ல?" என்றார். கல்யாணத்துக்குத்தான் கேட்கிறாள் என்று சொல்ல வந்தேன். நல்லவேளை, பங்குனியில் நீ சொன்னது ஞாபகம் வந்தது. "போர்டுல மேல் வரி எளுத முடியலீங்கப்பா. ஸ்டூல் போட்டு ஏறுனா பிள்ளைங்க சிரிக்குதுங்க" என்றாய். அதைத்தான் சொன்னேன். "அப்ப அவளுக்குத் தெளிவாத்தான் இருக்கு, உங்களுக்குத்தான் இல்லை" என்றார். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் உண்மை. நீ போகும் இடத்தில் இதையே சொல். யாரும் உன் முகத்தைப் பார்த்துவிட்டு மூக்கைத் திருத்தலாம், கன்னத்தைத் திருத்தலாம் என்று ஆரம்பித்தால், கேட்டதை மட்டும் சொல்லுங்கள் என்று நிறுத்து. ஒருவேளை எதுவும் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அதுவும் சரிதான். உன் கழுத்தை இன்னொருத்தி வந்து தொட்டுப் பார்ப்பதற்காக ஒரு தையல்கூட வேண்டாம்.

பெங்களூர் போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கெஞ்சுகிறேன், அவ்வளவுதான். போனாலும் முதல் நாளே படுக்காதே. பேசிவிட்டு வா. அந்தக் கையோடு ஒரு முறை மெட்ராசுக்கும் போய்க் காட்டு. உன் லெட்டரை அவர் அன்று என் முன்னாலேயே படித்தார். "பதிலுக்கு ஏழு வருஷம் தாமதம், வரச் சொல்லுங்க" என்றார். அவர் மீது உனக்கு இருந்த கோபம் எனக்குச் சேர வேண்டியது, என் பக்கம் திருப்பிவிடு. பழைய சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், மடிப்பில் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி. யார் கையில் கத்தி இருந்தாலும் அவரிடம் அந்தச் சீட்டைக் கொடு. இந்தக் கடிதத்தையும் கொடு. உன் கூட வருகிற டீச்சர் படிக்கட்டும், நர்சு படிக்கட்டும், ஊரே படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட்டுத்தான் இத்தனையும் நடந்தது. உங்கம்மாவிடம் இன்று மத்தியானமே சொல்லிவிடுகிறேன். தலையணை வைத்தது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அவள் என்னிடம் பேசாமல் போனால் போகட்டும், நீயும் பேசாமல் போனால் போகட்டும். என்னை மன்னிப்பதைப் பற்றி இப்போது யோசிக்காதே, அதற்கு வேளை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். முதலில் உன் தோல் நல்ல தோல் என்பதை நம்பு.

எந்த ஆபரேஷன் செய்தாலும் கழுத்துக்குப் பட்டை போடுவார்கள். வெயில் காலம், பட்டைக்கு அடியில் அரிக்கும். அதற்கு உறை தைக்க வேண்டும் என்று நேற்று சலவையிலிருந்து வந்ததில் மெல்லிய துணியாகப் பார்த்து எடுத்தேன். வெட்ட உட்கார்ந்தால் அளவு தெரியவில்லை. பன்னிரண்டரை என்பது உன் பதினேழு வயசு அளவு. தெருவில் போகிறவன் அளவெல்லாம் தெரிகிறது, உன் கழுத்தின் அளவு தெரியவில்லை, ஏனென்றால் இந்த ஏழு வருஷமாக நான் உன் கழுத்தை நேராகப் பார்த்ததே இல்லை. போன ஞாயிறுகூடக் காபி டம்ளரைத்தான் பார்த்தேன். இந்தக் கடிதத்தோடு ஒரு டேப்பும் வைத்திருக்கிறேன். கூட இருக்கிற டீச்சரை அளக்கச் சொல்லி, எத்தனை இஞ்சு என்று ஒரு கார்டில் எழுதிப் போடு. வேறு ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். துணியை மேஜையில் விரித்துவிட்டேன், ஆறிக்கொண்டிருக்கிறது. உன் கார்டு வரும் வரைக்கும் கத்திரியைத் தொடமாட்டேன்.

அப்பா